குறுகிய கால ஆட்டக்காரர்களுக்குப் புகழரங்கத்தில் இடம்: தங்கள் கட்டுரைக்கு ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காயத்தால் சீக்கிரமே ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்த அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்குப் புகழரங்கத்தில் இடம் கொடுப்பது, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உடம்பைக் காத்து ஆடியவர்களுக்குச் செய்யும் அநீதி என்று தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் தம் வாதத்துக்குத் துணையாக ஒரு சிறு அட்டவணையும் கொடுத்திருந்தார். கேல் சேயர்ஸ் 68 ஆட்டங்கள், டெரல் டேவிஸ் 78, கென்னி ஈஸ்லி 89, டோனி பொசெல்லி 91 என்று பெயர்களும் எண்களும் வரிசையாக நின்றன. எண்களில் பிழை இல்லை. ஆனால் அந்த அட்டவணையை மட்டும் பார்க்கிற ஒருவர், இந்த நால்வரும் ஏதோ அனுதாபத்தால் உள்ளே நுழைந்தவர்கள் என்றே எண்ணிக்கொள்வார். அந்த எண்ணம் தவறு என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்துவரும் ரசிகன் என்ற முறையிலும், காயம்பட்ட முழங்கால்களோடு தினமும் பழகும் இயன்முறை மருத்துவன் என்ற முறையிலும் இதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

முதலில் அந்தப் புகழரங்கத்தைப் பற்றி, அறியாத வாசகர்களுக்காக ஓரிரு வார்த்தைகள். இன்று என்எஃப்எல் என்று அழைக்கப்படும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 1920ஆம் ஆண்டு ஓஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் கூடிய கூட்டத்தில் பிறந்தது. அந்த நினைவாகவே 1963இல் அதே ஊரில் புகழரங்கமும் திறக்கப்பட்டது. ஒரு வீரர் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே அவர் பெயர் பரிசீலனைக்கு வரும். பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியாளர்களைக் கொண்ட குழுவில் நூற்றுக்கு எண்பது பேராவது ஒப்புக்கொண்டால்தான் வெண்கலச் சிலையும் தங்க நிற மேலங்கியும் கிடைக்கும். அமெரிக்க பேஸ்பால் புகழரங்கத்தில் குறைந்தது பத்துப் பருவங்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. கான்டனில் அப்படிப்பட்ட பத்தாண்டு வரம்பு கிடையாது. அங்கும் அதைக் கொண்டுவர வேண்டும் என்பதே தங்கள் கட்டுரையாளரின் கோரிக்கை. எனக்கு அது சிறிதும் உடன்பாடில்லை.

கேல் சேயர்ஸிடமிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் இந்த வழக்கின் முதல் சாட்சி அவர்தான். 1965ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிகாகோவின் ரிக்லி மைதானத்தில், மழையில் ஊறிச் சேறாகிக் கிடந்த தரையில், சான் பிரான்சிஸ்கோ அணிக்கு எதிராகச் சிகாகோ பேர்ஸ் அணிக்காக அவர் களமிறங்கினார். அது அவருடைய முதல் பருவம். எதிரணியினர் காலை ஊன்றித் திரும்ப முடியாமல் வழுக்கி விழுந்துகொண்டிருக்க, இவர் மட்டும் காய்ந்த தரையில் ஓடுகிறவரைப்போல் இடம் வலம் என்று வெட்டி வெட்டி ஓடினார். தமக்கு வீசப்பட்ட ஒரு குட்டைப் பந்தைப் பிடித்து 80 கெஜம் ஓடி முதல் டச் டவுனை, அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்க்கும் புள்ளியை, எடுத்தவர், பந்தைச் சுமந்து ஓடியே மேலும் நான்கு டச் டவுன்கள் எடுத்தார். கடைசியாக, எதிரணி உதைத்து அனுப்பிய பந்தை ஏந்திக்கொண்டு 85 கெஜம் திரும்பி ஓடி ஆறாவதையும் முடித்தார். அன்று பேர்ஸ் 61, எதிரணி 20. ஒரே ஆட்டத்தில் ஆறு டச் டவுன்கள் என்ற அந்த எண்ணிக்கையைச் சமன் செய்தவர்கள் உண்டு. இன்றுவரை தாண்டியவர் யாரும் இல்லை. அந்தப் பருவம் முழுவதிலும் அவர் எடுத்த டச் டவுன்கள் 22. ஓடி எடுத்தவை, பிடித்து எடுத்தவை, உதைபந்தைத் திருப்பி எடுத்தவை என்று எல்லா வகையும் அதில் அடங்கும். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதைபந்தைத் திருப்பி ஓடியதில் அவருடைய சராசரியான 30.6 கெஜம் இன்னும் முதலிடத்தில் நிற்கிறது.

1968 நவம்பரில், அதே சான் பிரான்சிஸ்கோ அணியுடனான ஆட்டத்தில், பக்கவாட்டிலிருந்து வந்த ஒரு மோதலில் அவருடைய வலது முழங்காலின் ஜவ்வுகள் கிழிந்தன. அப்போது அவர் அந்தப் பருவத்தின் ஒன்பது ஆட்டங்களில் 856 கெஜம் ஓடியிருந்தார். இந்த இடத்தில் என் தொழிலை ஒட்டி ஒரு செய்தியைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை முடிந்து வரும் இளைஞர்களின் தொடையில், மூட்டுக்கு மேலே ஒரு குறிப்பிட்ட தொலைவில், நான் அளவு நாடாவைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். சில வாரங்களிலேயே அந்தத் தொடை மற்றத் தொடையைவிடச் சிறுத்துப் போயிருக்கும். நாடாவை இழுக்கும்போது அவர்கள் கண் என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும். வலியைவிட அந்த நாடாவின் எண்தான் அவர்களை அதிகம் அச்சுறுத்தும். காலைத் தூக்கு என்றால் மனம் தூக்கச் சொல்லும், தசை கேட்காது. உள்நோக்குக் கருவியைச் செலுத்திச் சிறு துளை வழியாக ஜவ்வைச் சீரமைத்து, முதல் வாரத்திலேயே மூட்டை அசைக்கச் சொல்லும் இன்றைய காலத்திலேயே இந்த நிலை. மூட்டையே அகலமாகத் திறந்து தைத்து, பிறகு வாரக்கணக்கில் மாவுக்கட்டில் கிடத்திவைத்த 1968இல் ஓர் ஓட்டக்காரர் திரும்பி வந்தார் என்பதே பெரிது.

சேயர்ஸ் திரும்பி வந்தது மட்டுமன்று. அடுத்த ஆண்டு, 1969இல், 1,032 கெஜம் ஓடி அந்தப் பருவத்தில் அனைவரையும் முந்தி முதலிடம் பெற்றார். அந்த ஆண்டு அவருடைய அணி ஆடிய பதினான்கு ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. வழியைத் திறந்துவிட வலுவான அணியில்லாமல், பழைய வேகத்தில் ஒரு பங்கு குறைந்துபோன காலோடு, அவர் ஓடி எடுத்த அந்த ஆயிரம் கெஜத்தின் எடையை எந்த அட்டவணையால் காட்ட முடியும்? 1970இல் இடது முழங்காலும் போயிற்று. அந்த ஆண்டு இரண்டு ஆட்டங்கள், அதற்கடுத்த ஆண்டு இரண்டு ஆட்டங்கள், அத்தோடு சரி. ஏழு பருவங்களில் ஐந்து முறை, 1965 முதல் 1969 வரை தொடர்ந்து, ஒவ்வோர் இடத்துக்கும் அந்த ஆண்டின் சிறந்தவர்களைத் தேர்ந்து பட்டியலிடும் ஆல் ப்ரோ முதல் அணியில் அவர் இருந்தார். அதாவது அவர் நல்ல உடம்போடு ஆடிய ஓர் ஆண்டில்கூட அவரைவிடச் சிறந்தவர்கள் என்று வேறு யாரையும் வைத்து அந்த அணியை நிரப்ப முடியவில்லை. 1977இல், வயது 34ஆக இருக்கும்போது, புகழரங்கத்துக்குத் தேர்வானவர்களிலேயே மிக இளையவர் என்ற பெயரோடு அவர் உள்ளே போனார். அன்றைய தேர்வாளர்கள் 68 என்ற எண்ணைப் பார்த்துத் தயங்கவில்லை. அவர்கள் அவருடைய ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்.

டெரல் டேவிஸின் கதை வேறு வகை. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1995ஆம் ஆண்டுத் தேர்வில் 195 பேரை எடுத்த பிறகு, ஆறாவது சுற்றில், டென்வர் பிராங்கோஸ் அணி அவரை எடுத்தது. முதல் நான்கு ஆண்டுகளில் அவர் ஓடியது முறையே 1,117, 1,538, 1,750, 2,008 கெஜம். ஒரே பருவத்தில் 2,000 கெஜத்தைத் தாண்டிய நான்காவது வீரர் அவர். இந்த எண்களைக்காட்டிலும் என் மனத்தில் நிற்பது 1998 ஜனவரி 25 அன்று சான் டியேகோவில் நடந்த சூப்பர் பவுல் என்னும் பருவ இறுதிப் போட்டியின் ஒரு காட்சி. முதல் கால்பகுதியின் முடிவில் அவருக்கு ஒற்றைத் தலைவலி வந்து பார்வை மங்கிவிட்டது. பயிற்சியாளரிடம் தமக்குக் கண் தெரியவில்லை என்றார். எதிரணியின் கோட்டுக்கு ஒரு கெஜம் தொலைவில் பந்து இருந்தது. டேவிஸ் களத்தில் நின்றால்தான் பந்து அவரிடம் வருகிறது என்று எதிரணி நம்பும்; ஆகவே கண் தெரியாவிட்டாலும் போய் நில், ஓடுவதுபோல் பாவனை செய் என்று பயிற்சியாளர் அனுப்பினார். டேவிஸ் போனார், வெறுங்கையோடு முட்டி மோதி ஓடினார், எதிரணி அவர்மேல் பாய்ந்தது, பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்ட ஜான் எல்வே (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்) மறுபக்கமாக நடந்துபோய் டச் டவுன் எடுத்தார். இரண்டாம் கால்பகுதியின் மீதி நேரம் முழுவதும் வெளியே அமர்ந்திருந்து, மருந்து வேலை செய்ய, இடைவேளைக்குப் பின் திரும்பிவந்த டேவிஸ் மொத்தம் 157 கெஜமும் மூன்று டச் டவுன்களும் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். டென்வருக்கு அதுவே முதல் சூப்பர் பவுல் வெற்றி.

இறுதிச் சுற்று ஆட்டங்கள் எட்டில் மட்டும் அவர் ஓடியது 1,140 கெஜம். அந்த எட்டில் ஏழு ஆட்டங்களை அவர் அணி வென்றது. பருவத்தின் சாதாரண ஆட்டங்களை மட்டுமே எண்ணும் தங்கள் அட்டவணையில் இந்த எட்டு ஆட்டங்களுக்கு இடமே இல்லை என்பதையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். எந்த ஆட்டங்களுக்காக ஒரு பருவம் முழுவதும் ஆடப்படுகிறதோ அந்த ஆட்டங்கள் கணக்கில் வரவில்லையென்றால் அது என்ன கணக்கு?

அவருக்குக் காயம் வந்த விதத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 1999ஆம் ஆண்டின் நான்காவது ஆட்டம். தம் அணியின் குவார்ட்டர்பேக் வீசிய பந்தை எதிரணி வீரர் ஒருவர் பறித்துக்கொண்டு ஓடினார். அவரைத் துரத்திப் பிடிப்பது ஓர் ஓட்டக்காரரின் முதன்மை வேலை அன்று. நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டேவிஸ் ஓடினார். அந்த நெரிசலில் சொந்த அணிக்காரரின் உடம்பே அவர் வலது முழங்காலில் விழுந்தது. இரண்டு ஜவ்வுகள் கிழிந்தன. அதற்குப் பின் இரண்டு பருவங்களில் சேர்ந்து பதின்மூன்று ஆட்டங்களே ஆட முடிந்தது. உடம்பைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று இவரைக் குறைத்து மதிப்பிடுவோமானால், அடுத்த தலைமுறைக்கு நாம் சொல்லித்தரும் பாடம் துரத்தாதே என்பதாகத்தான் இருக்கும்.

டோனி பொசெல்லியைப் பற்றிக் கட்டுரையாளர் அரை வரியில் முடித்துவிட்டார். அவர் குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்கும் டேக்கிள். பந்தைத் தொடாதவர், கெஜக் கணக்கு இல்லாதவர். நன்றாக ஆடினால் அவர் பெயரே கேட்காது என்பதுதான் அந்த இடத்தின் இயல்பு. ஜாக்சன்வில் அணி தொடங்கப்பட்டபோது கல்லூரி வீரர்களுக்கான தேர்வில் முதன்முதலில் எடுத்த வீரர் அவர். 1996 டிசம்பரில் பஃபலோ அணியின் சொந்த மைதானத்தில் நடந்த இறுதிச் சுற்று ஆட்டத்தில், எதிராளிகளை நடுங்கவைத்த அந்த அணியின் தடுப்பாட்டக்காரர் புரூஸ் ஸ்மித்தை அவர் தடுத்து நிறுத்தியதை அந்த ஆட்டத்தைப் பார்த்த எவரும் மறக்கவில்லை. 1997 முதல் 1999 வரை மூன்று ஆண்டும் ஆல் ப்ரோ முதல் அணி. தோள்பட்டைக் காயம் அவரை நிறுத்தியது. 2022இல்தான் புகழரங்கம் அவரை ஏற்றது.

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். உடம்பு நிலைத்து நிற்பதும் ஒரு திறமைதான், களத்தில் இருப்பவரால்தான் அணிக்குப் பயன் என்று கட்டுரையாளர் சொல்வதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஃபிராங்க் கோரை எடுத்துக்கொள்வோம். கல்லூரி நாள்களிலேயே இரண்டு முழங்கால்களிலும் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். அப்படிப்பட்டவர் 2005 முதல் 2020 வரை பதினாறு பருவங்கள், அதுவும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை மோதி விழ வேண்டிய ஓட்டக்காரராக ஆடி, சரியாக 16,000 கெஜம் ஓடினார். எம்மிட் ஸ்மித், வால்டர் பேட்டன் ஆகிய இருவர் மட்டுமே அவருக்கு மேலே இருக்கிறார்கள். என் சிகிச்சை மேசையில் படுத்து மனம் தளர்ந்த எத்தனையோ பேருக்கு நான் எடுத்துச் சொன்ன பெயர் கோருடையதுதான். அவருடைய விடாமுயற்சியைக் குறைத்துப் பேச எனக்கு நாக்கு எழாது. ஆனால் அந்தப் பதினாறு பருவங்களில் ஒன்றில்கூட அவர் ஆல் ப்ரோ முதல் அணியில் இடம்பெறவில்லை. அவரோடு ஆடியவர்களும் அவரைப் பார்த்து எழுதியவர்களும் எந்த ஓர் ஆண்டிலும் இவரே முதல்வர் என்று சொல்லவில்லை. டேவிஸை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அப்படிச் சொன்னார்கள், சேயர்ஸை ஐந்து ஆண்டுகள். இருவகைப் பெருமையும் பெருமைதான். கோருக்கு இடம் கொடுங்கள், நானும் கைதட்டுவேன். அதற்காக டேவிஸின் நாற்காலியை இழுக்க வேண்டியதில்லை. நீண்ட காலம் ஆடியவருக்கும் குறுகிய காலம் ஆடியவருக்கும் இடையே ஏதோ ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது என்பதுபோல் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டே போகும் ஓர் அரங்கத்தில் அந்தப் போட்டி தேவையற்றது.

அப்படியானால் எல்லாக் காயக்காரர்களுக்கும் கதவைத் திறந்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது என்றே சொல்வேன். இதைச் சொல்வதற்கு எனக்கு மிகவும் கடினமாக இருக்கும் பெயர் போ ஜாக்சன். கோடையெல்லாம் பேஸ்பால் ஆடிவிட்டு, அந்தப் பருவம் முடிந்த பிறகே கால்பந்துக் களத்துக்கு வந்தவர் அவர். 1987 நவம்பர் கடைசியில் சியாட்டிலில் நடந்த ஆட்டத்தில் 221 கெஜம் ஓடினார். அதில் ஒரே ஓட்டம் 91 கெஜம். கோட்டைத் தாண்டிய பிறகும் வேகம் குறையாமல், மைதானத்தை விட்டு வெளியேறும் சுரங்கப் பாதைக்குள்ளேயே அவர் ஓடிப்போன காட்சியைக் கண்டவர்களுக்கு வேறு எந்த ஓட்டமும் ருசிக்காது. ஒரு முறை பந்தைச் சுமந்தால் சராசரி 5.4 கெஜம். 1991 ஜனவரியில் சின்சினாட்டி அணியுடனான ஆட்டத்தில் இடுப்பு மூட்டு நழுவி, அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் நின்று, கால்பந்து வாழ்வு அன்றோடு முடிந்தது. செயற்கை இடுப்பைப் பொருத்திக்கொண்டு 1993இல் பேஸ்பாலுக்குத் திரும்பி, வந்த முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார் என்றால் அந்த உடம்பில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அவர் ஆடிய கால்பந்து ஆட்டங்கள் 38. நான்கு ஆண்டுகளில் ஒன்றில்கூட முழுப் பருவம் ஆடியதில்லை. எந்தப் பருவத்திலும் ஆயிரம் கெஜத்தை எட்டியதில்லை. ஒரு முறைகூட ஆல் ப்ரோ முதல் அணியில் இருந்ததில்லை. ஆடியிருந்தால் எல்லாம் நடந்திருக்கும் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் நடந்திருக்கும் என்பதற்குச் சிலை வடிக்க முடியாது. சேயர்ஸுக்கும் டேவிஸுக்கும் நான் பரிந்து பேசுவது அவர்கள் இழந்த ஆண்டுகளுக்காக அன்று, ஆடிய ஆண்டுகளுக்காக. அந்த ஆண்டுகளில் அவர்கள் செய்தவை ஏட்டில் இருக்கின்றன. காயத்தை ஒரு குற்றமாகக் கருதி மதிப்பெண்ணைக் கழிப்பது எப்படித் தவறோ, அதேபோல் காயத்தை ஒரு சலுகையாகக் கருதி இல்லாத மதிப்பெண்ணைக் கூட்டுவதும் தவறு. இந்த இரண்டாவது தவறைப் புகழரங்கத் தேர்வாளர்கள் செய்யவில்லை என்பதற்கு ஜாக்சன் வெளியே நிற்பதே சான்று. இதைக் கட்டுரையாளர் கவனித்திருந்தால், கதவு அகலத் திறந்து கிடக்கிறது என்று அஞ்சியிருக்க மாட்டார்.

கோடு எங்கே என்று கேட்டால், ஆண்டுக்கணக்கில் அதைச் சொல்ல என்னால் முடியாது. தம் இடத்தில் தாமே முதல்வர் என்பதை ஒரு முறை மின்னிக் காட்டியவர் வேறு, பல பருவங்கள் தொடர்ந்து எதிரணிகள் எல்லாம் அவரைத் தடுப்பதற்கென்றே திட்டம் தீட்டியும் தடுக்க முடியாமல் போனவர் வேறு. இரண்டாமவருக்கு மூன்று நான்கு பருவங்களே போதும் என்பது என் கருத்து. வீரர்கள் சங்கம் சொல்லிவரும் கணக்குப்படி இந்த ஆட்டத்தில் ஒருவரின் சராசரி ஆட்டக்காலமே 3.3 ஆண்டுகள்தான். அந்த அளவுகோலில் பார்த்தால் ஏழு பருவங்கள் குறுகிய காலமே அன்று. சேயர்ஸின் நாளில் ஒரு பருவத்துக்குப் பதினான்கு ஆட்டங்கள், டேவிஸின் நாளில் பதினாறு, 2021 முதல் பதினேழு. வெவ்வேறு அளவுள்ள படிகளால் அளந்த நெல்லை ஒரே குவியலில் கொட்டி எண்ணுவதுபோல, இந்த ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே சரியன்று.

மருத்துவம் வளர்ந்த விதமும் இதில் சேர்கிறது. 2011 டிசம்பரில் அட்ரியன் பீட்டர்சனுக்கு முழங்காலில் இரண்டு ஜவ்வுகள் கிழிந்தன. அடுத்த பருவத்திலேயே அவர் 2,097 கெஜம் ஓடி அந்த ஆண்டின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். அவருடைய உழைப்பைப் போற்றாமல் இருக்க முடியாது. என்றாலும் அவருக்குக் கிடைத்த அறுவை மேசை 1968இல் சேயர்ஸுக்குக் கிடைத்ததன்று. ஒருவர் பிறந்த ஆண்டைப் பொறுத்து நீளும் அல்லது சுருங்கும் ஒன்றை, அவருடைய தகுதியின் அளவாக எப்படி வைப்பது?

பேஸ்பாலின் பத்துப் பருவ விதியைக் கட்டுரையாளர் முன்மாதிரியாகக் காட்டுகிறார். அந்த விதியே ஒருமுறை வளைய வேண்டியிருந்தது என்பதை அவர் குறிப்பிடவில்லை. ஆடி ஜாஸ் என்ற பந்துவீச்சாளர் ஒன்பது பருவங்கள் ஆடி 1911இல் மூளைச் சவ்வுக் காய்ச்சலால் இறந்துபோனார். அவருக்காக விதிவிலக்கு அளித்து 1978இல் சேர்த்துக்கொண்டார்கள். மரணத்துக்கு விதிவிலக்கு உண்டு, முழங்காலுக்கு இல்லை என்று எழுதிவைப்பதைவிட, ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்பதுதான் நேர்மை.

எனக்கு உண்மையில் மனக்குறை இருப்பது வேறு ஓர் இடத்தில். குறுகிய காலம் ஆடியவர்கள் உள்ளே வருகிறார்கள் என்பதில் அன்று, அவர்களைக் காக்கவைக்கும் காலத்தில். சேயர்ஸை உடனே ஏற்றுக்கொண்ட அதே அமைப்பு, பின்னாளில் எப்படியோ எண்களின் பக்கம் சாய்ந்துவிட்டது. டேவிஸ் 2007இல் தகுதி பெற்றும் 2017 வரை காத்திருந்தார். கென்னி ஈஸ்லி 1984இல் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றவர். 1988இல் வேறோர் அணிக்கு மாறும் ஏற்பாட்டில் நடந்த உடற்சோதனையில் சிறுநீரகம் பழுதாகியிருப்பது தெரியவந்து, அத்தோடு ஆட்டம் முடிந்தது. அவர் பெயர் பொதுப் பட்டியலிலிருந்து நழுவி, மூத்தோருக்கென்று தனியே வைத்திருக்கும் பட்டியலுக்குப் போய், அங்கிருந்து 2017இல்தான் மீண்டு வந்தது. களத்தில் அவரை நேரில் பார்த்த தேர்வாளர்களில் எத்தனை பேர் அதற்குள் குழுவை விட்டு விலகியிருப்பார்கள்!

ஸ்டெர்லிங் ஷார்ப்பின் காத்திருப்பு இன்னும் நீண்டது. கிரீன் பே அணிக்காக 1988 முதல் 1994 வரை ஏழு பருவங்கள், 112 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 1992இல் பிடித்த பந்துகள், ஓடிய கெஜம், டச் டவுன் ஆகிய மூன்றிலும் அவரே முதலிடம். அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் நூறு பந்துகளுக்கு மேல் பிடித்த முதல் வீரரும் அவர்தான். கடைசிப் பருவத்தில் 18 டச் டவுன்கள். தேய்ந்து ஓய்ந்து விலகியவர் அல்லர் அவர். உச்சியில் இருக்கும்போதே கழுத்தெலும்புக் காயம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பின் இரண்டாண்டு கழித்து அவருடைய அணி சூப்பர் பவுலை வென்றது. வென்ற அணியினருக்குத் தரப்படும் மோதிரம் அவருக்கு இல்லை. டென்வருக்காக ஆடிய அவருடைய தம்பி ஷானன், தமக்குக் கிடைத்த முதல் சூப்பர் பவுல் மோதிரத்தை அண்ணனுக்குக் கொடுத்தார். 2011இல் புகழரங்கத்தில் நுழைந்தபோது, தம் வீட்டிலேயே தாம் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர்தான் என்று அந்த மேடையில் நின்று சொன்னார். தம்பி அதைச் சொல்லியும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2025இல்தான் அண்ணன் அதே மேடையில் ஏறினார், அதுவும் மூத்தோர் பட்டியல் வழியாக. கடைசியாக ஆடிய நாளிலிருந்து முப்பது ஆண்டுகள்.

அந்த முப்பது ஆண்டுகளில் அவர் பிடித்த பந்துகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடவோ குறையவோ இல்லை. 2000ஆம் ஆண்டில் தகுதி இல்லாதவருக்கு 2025இல் தகுதி எங்கிருந்து வந்தது? தகுதி தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விடை இல்லை. ஆகவே பத்தாண்டு வரம்பைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, ஆட்டக்காலம் குறைவு என்ற ஒரே காரணத்தால் ஒருவர் பெயர் விவாதத்துக்கே வராமல் போவதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று விளையாட்டு எழுத்தாளர்கள் பேசத் தொடங்குவதே பயனுள்ளது. கண்ணால் பார்த்தவர்கள் குழுவில் இருக்கும்போதே அந்தப் பெயர் இறுதிச் சுற்றுக்கு வந்து, அவர்கள் வாயால் பேசப்பட்டு, பிறகு ஏற்கப்படட்டும் அல்லது மறுக்கப்படட்டும்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த அட்டவணையைத் தாங்கள் மீண்டும் வெளியிட நேர்ந்தால், ஆடிய ஆட்டங்கள் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஆல் ப்ரோ முதல் அணியில் எத்தனை முறை என்ற இன்னொரு கட்டத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். சேயர்ஸுக்கு நேராக 5 என்றும், டேவிஸுக்கும் பொசெல்லிக்கும் நேராக 3 என்றும் வரும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்